துணைக்குப் போன முட்டை

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். என்னைப் பற்றிக் கண்டுபிடிக்க இருப்பதே அது ஒன்றுதான், அதையும் எதற்கு விட்டுக்கொடுப்பது. என்னுடையது சாதாரண மடத்தனம் இல்லை. சாவு வீட்டுக்குப் போய் முட்டையைப் பற்றிப் பேசுகிற மடத்தனம்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம்வரை தெரிந்தவர் வீட்டில் யார் போனாலும் மாலையோடு போய் நிற்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அழுகிறவர்களில் நன்றாக அழுகிறவராகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருவேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்ன வயசுல எங்க தெருவுல ஒரு முட்டை இருந்துச்சு" என்று ஆரம்பிப்பேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி, என் சாவுக்கும் நீங்கள்தான் வந்து பேச வேண்டும் என்று சொல்லிவைத்தார். போய்ப் பேசினேன், அவர்தான் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு ஒரே பள்ளியில் அரைக்கால் சட்டை கிழித்த உங்களில் பலர் அந்தக் கதையை இரண்டு தடவையாவது கேட்டிருப்பீர்கள். என் அக்கா மட்டும் நான் தொண்டையைச் செருமினாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நாலாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை அது. மேற்குத் தாம்பரத்தில், ரயில் போனால் சுவரில் சாமி படம் ஆடுகிற தூரத்தில், ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாகக் குடித்தன வீடுகள். ஒன்றில் நாங்கள். அப்பா பள்ளியில் உயிரியல் வாத்தியார். முன்வீட்டில் வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் மேஸ்திரியாக இருந்தவர், உள்ளங்கை மணையாட்டம் இருக்கும். அவர் யாரையும் கூப்பிட்டுப் பேசி நான் பார்த்ததில்லை, அடித்துத்தான் பேசுவார். அடிபம்பில் தண்ணீர் வராவிட்டால் பம்பையும் அடிப்பார். மீசை முளைத்து, கல்யாணம் ஆகி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு மகன்களையும் தெருவில் நிறுத்தி பெல்ட்டால் விளாசுவார். அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு வாங்குவார்கள். ஒருமுறை அவர் வீட்டு மாங்காய்க்கு நான் கல் எறிந்தேன். மாங்காய் விழவில்லை, அறை விழுந்தது. பள்ளி திறக்கும்வரை சோறு மெல்லும்போதெல்லாம் என் தாடை 'க்ளிக்' என்றது. அதை வைத்து நான் பையன்களிடம் கொஞ்சநாள் வித்தை காட்டினேன்.

அந்தக் காம்பவுண்டில் அவரை எதிர்த்து நின்ற ஒரே உயிர் அக்காவின் சேவல். குஞ்சாக வாங்கியது, அவள் மடியில் வளர்ந்தது, அவளைத் தவிர மற்ற எல்லோரையும் கொத்தியது. அதற்குப் பெயர் கிடையாது. கொத்து வாங்கியவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், எதுவும் அச்சில் வராது. வீட்டுக்காரரின் ஆடுசதையை ஒருநாள் அது கிழித்துவிட்டது. ரத்தம் செருப்புவரை ஒழுக, அவர் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றிச்சுற்றித் துரத்தினார். அது சுவர்மேல் ஏறி நின்று கூவியது. அதற்கப்புறம் அவர் சாகும்வரை அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தார்.

எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு கூடையில் பெட்டைக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. கரண்ட் போன ஒரு சாயங்காலம் அப்பா அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, தன் பித்தளை டார்ச்சின் வாயில் வைத்துக் காட்டினார். அந்த டார்ச் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. முட்டைக்குள் தெரிந்தது மட்டும் அப்படியே இருக்கிறது. சிவப்பு நூல்கள், நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான், இதை ஆம்லெட் போட்டால் துடிக்குமா என்று கேட்டேன்.

அதே கோடையில்தான் பள்ளியில் மிஞ்சிய தவளை ஒன்றை அப்பா ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கை கால்களில் குண்டூசி குத்தி, வயிற்றைக் கிழித்தார். இதயத்தை வெட்டியெடுத்து உப்புத் தண்ணீரில் போட்டார். தவளை தட்டில் வாய் பிளந்து கிடந்தது. இதயம் கிண்ணத்தில் துடித்துக்கொண்டே இருந்தது.

"இது செத்துடுச்சா இல்லையாப்பா?" என்றாள் அக்கா.

"தவளை செத்துடுச்சும்மா. இதயத்துக்கு இன்னும் சேதி வரலை."

இப்படியெல்லாம் நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோது என் உடம்பையும் தேற்றினார்கள். ஒல்லிக்குச்சி என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தினமும் காலையில் கடை முட்டை ஒன்று எனக்கு மட்டும் அவியும். ஓட்டைப் பொறுக்கி ரோஜாச் செடிக்குப் போடுவது அக்காவின் வேலை. அவளுக்கு முட்டை பிடிக்காது என்று அம்மா சொல்லுவாள். பிடிக்குமா என்று அக்காவை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மஞ்சள் கருவில் மிளகுத்தூளைப் போட்டு, அவள் பார்க்கப் பார்க்கச் சப்புக்கொட்டித் தின்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை முன்வீட்டில் ஓலம் கேட்டது. வீட்டுக்காரர் போய்விட்டார். பத்துநாள் போலப் படுக்கையில் கிடந்தவர்தான், ஆனாலும் அந்த உடம்பு சாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் போவதற்குள் மகன்கள் இருவரும் வாசலில் எதிரெதிரே நின்றிருந்தார்கள்.

"நேத்து சாயந்தரமே போய்ட்டாரு," என்றான் சின்னவன். "நான் ஊத்துன தண்ணி எறங்கல. என் கையால வாங்கிகினுதான் போனாரு."

"எறங்கலன்னா செத்துட்டாரா? காலைல மொத ரயிலு போச்சே, அப்போ கண்ணு முழிச்சாரு. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாரு," என்றான் பெரியவன்.

"இன்னா சொன்னாரு?"

"அத்த இங்க சொல்ல முடியாது. பொம்பளைங்க கீறாங்க."

கூட்டம் தலையாட்டியது. அவர் கடைசியாகச் சொல்லியிருக்கக்கூடியது அந்த மாதிரி ஒரு வார்த்தைதான்.

"அது மூச்சு போற சத்தம்டா. உன்னைத் திட்டுனாருன்னு நீயா நெனச்சிகினே. உன்னையெல்லாம் அவரு எதுக்குத் திட்டணும்?"

அவ்வளவுதான். பெரியவன் கையிலிருந்த பித்தளைச் சொம்பு சின்னவன் புருவத்தில் இறங்கியது. பனியன் முழுக்க ரத்தம். சின்னவன் தலையால் முட்டி அண்ணனைச் சுவரில் சாய்த்து, காதைக் கடித்தான். யாரோ பிரித்துவிட்டார்கள். இப்போது யோசித்தால், ஆயுசு முழுக்க அடித்த அப்பனின் கடைசிச் சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள் என்று தெரிகிறது. ஒருவனுக்குக் கடைசி வாய்த் தண்ணீர், ஒருவனுக்குக் கடைசி வசவு. அதையும் பங்கு போட முடியவில்லை.

சண்டைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சனிக்கிழமை செத்தவர் துணைக்கு ஆள் தேடுவார் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அப்படி அவர் வீட்டிலிருந்து வேறு யாரையும் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, பாடையில் உயிருள்ள கோழி ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை போனவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரியவனின் மனைவி நிறைமாதம்.

"வாத்தியாரைக் கேளுங்க," என்றார்கள்.

விடுமுறையில் அப்பாவை யாரும் எதுவும் கேட்பதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"சாவுங்கறது ஒரு நொடி இல்லைங்க. மூச்சு ஒரு நேரம் நிக்கும், இதயம் ஒரு நேரம், மூளை ஒரு நேரம். தோலெல்லாம் அப்புறமும் கொஞ்ச நேரம் உயிரோடதான் இருக்கும்…"

"சார், வெள்ளியா சனியா?"

"அப்படிக் கேட்டா எப்படிங்க…"

"வெள்ளியா சனியா சார்?"

"ரெண்டும்தான்."

ஒரே வார்த்தையில் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள எங்கள் அப்பாவால்தான் முடியும். சின்னவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பெரியவன், கடிபட்ட காதைப் பொத்திக்கொண்டு, "என் பொண்டாட்டி மாசமா கீறா. ரெண்டுன்னா எனக்கு சனிதான். கோழி கட்டணும்" என்றான். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தான். "வாத்தியார் வூட்டு சேவல் கீதே. நைனாவுக்கும் அதுக்கும் ஒரு பாக்கி கீது. கூடவே போவட்டும்."

சேவல் சும்மா போகிற ஜாதியா? பெரியவன் கிட்டே போனதும் பறந்து முகத்தில் நகத்தைப் போட்டது. கன்னத்தில் மூன்று கோடு. அவன் பாடைக்கு வெட்டிவைத்த மூங்கிலை எடுத்து வீசினான். முதல் அடியில் இறகு பறந்தது, இரண்டாவது அடியில் சேவல் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு விழுந்தது. அக்கா ஓடிப்போய் அதன்மேல் குப்புற விழுந்தாள். மூன்றாவது அடி அவள் முதுகில். சேவலுக்கு அந்தக் கலவரத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் அவள் கையையே கிழித்தது. அவள் விடவில்லை. பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லுங்கப்பா," என்றாள்.

அப்பா தரையைப் பார்த்தார். குடியிருப்பது அவர்கள் வீட்டில். "குடுத்துடும்மா. வேற வாங்கித் தர்றேன்."

அக்கா பெரியவனிடம் திரும்பினாள். "சேவல்தான் வேணுமா? இல்ல உயிர் இருந்தா போதுமா?"

"இன்னாவோ ஒரு உயிரு."

"முட்டையில உயிர் இருக்கு. அப்பாதான் டார்ச் அடிச்சுக் காட்டினாரு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு உயிர் வந்தது. "இருக்கு. நிச்சயமா இருக்கு. அடைமுட்டைங்க, உள்ளே இதயமே துடிக்குது."

"முட்டையும் கட்டுறதுதான். தப்பில்ல," என்றார் பாடை கட்டுகிறவர். அவருக்கு வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும்.

அக்கா சேவலோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, மஞ்சள் பூசிய முட்டை ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள். பெரியவன் வாங்கியதும் கை மாற்றிப் பிடித்தான்.

"சூடா கீதே சார்."

"அடைச் சூடு," என்றார் அப்பா, பாடம் நடத்துகிற குரலில். "தாய்க்கோழியோட உடம்புச் சூடு. அதுதான் உயிர்."

மஞ்சள் துணியில் முடிந்து பாடையின் கால்மாட்டில் கட்டினார்கள். அன்று அந்தக் காம்பவுண்டில் அடிபடாதவர் யாரும் இல்லை. சின்னவனுக்குப் புருவம், பெரியவனுக்குக் காது, அக்காவுக்கு முதுகு, சேவலுக்குச் சிறகு. நான்கூட விட்டுவைக்கப்படவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, என் காலைமுட்டை எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள். பூனை தின்றிருக்கும் என்றாள் அக்கா.

மேளம் கிளம்பியது. பட்டாசு, பூ, விசில். பெரியவன் முன்னால் ஒரு தோள், சின்னவன் ஒரு தோள், நடுவே பேச்சில்லை. அப்பா பின்னால் நடந்தார், நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு. இடுகாட்டுக்கு ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். நாங்கள் போய்ச் சேரவும் கேட் போடவும் சரியாக இருந்தது. பாடையைத் தோளில் வைத்தபடியே நிற்கிறார்கள். உச்சி வெயில். தார் உருகுகிறது. மேளக்காரர்கள் நிறுத்தவில்லை.

"நேத்தே எடுத்திருந்தா இந்த வெயில்ல நிக்க வேணாம்," என்றான் சின்னவன், முன்னால் பார்த்தபடி.

பெரியவன் தோளைக் கொடுத்திருப்பதை மறந்தே போனான். திரும்பி ஒரு குத்து விட்டான். பாடை சாய்ந்தது. வீட்டுக்காரர் கட்டோடு நழுவி, மாலைகளோடு உருகிய தார்மேல் குப்புற விழுந்தார். அந்தச் சத்தம், நண்பர்களே, நான் எத்தனை நகைச்சுவையாகச் சொல்லப் பார்த்தாலும் இந்த இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. ஈரச் சாக்கு விழுந்த சத்தம். அவர்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை. பாடை மூங்கிலை ஆளுக்கொன்றாக உருவிக்கொண்டார்கள். மூங்கில் எலும்பில் படுகிற சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது. சின்னவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரியவன் அவன் தலைக்கு மேலே மூங்கிலை ஓங்கினான். கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் அலறிக்கொண்டு வந்தது.

எங்கள் அப்பா குறுக்கே போனார். "உயிர்ங்கறது…" என்று தொடங்கினார். முன்பல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. வாக்கியத்தை அவர் கடைசிவரை முடிக்கவில்லை.

ரயில் போய் முடிந்தபோது பாடை கட்டுகிறவர் ரோட்டில் குந்தியிருந்தார். கையில் அந்த மஞ்சள் முடிச்சு. அவ்வளவு உயரத்திலிருந்து தார் ரோட்டில் விழுந்திருக்கிறது. அதை அழுத்திப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார், துணியை முகர்ந்தார்.

"ஒடையல," என்றார். "ஒரு சொட்டு ஈரமில்ல."

மேளம் நின்றது. ஓங்கிய மூங்கில் கீழே இறங்கியது. ஆள் ஆளாக வந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியவன் தொட்டான். பிறகு சின்னவன் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான்.

"நைனா ஒத்துக்கினாருடா," என்றான்.

இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்து, அப்பன் முகத்தில் ஒட்டியிருந்த தாரை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து அழுதார்கள். நான் என் அப்பாவின் பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரையும் முட்டையையும் ஒரே குழியில் வைத்தார்கள். அந்த வீட்டில் வேறு யாரும் சாகவில்லை. பெரியவனுக்குப் பெண் பிறந்தது.

என் தத்துவம் அன்று பிறந்தது. அடிதடிக்கு நடுவே உடையாத ஒன்று உண்டு, ஓட்டுக்குள் துடிக்கிற ஒரு புள்ளியை எந்த மூங்கிலாலும் தொட முடியாது, இத்யாதி. அடுத்த வாரம் குஞ்சு பொரித்தபோது அம்மா, "ஒண்ணுகூடக் குறையலையே" என்றாள். குழிக்குள் போன உயிர் கூடைக்குத் திரும்பிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. அப்பா, பெட்டை அப்புறம் ஒரு முட்டை இட்டிருக்கும் என்றார். அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது என்று பாடம் நடத்துகிறவர் அவர்தான். சாவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் மூக்கில் பஞ்சு அடைத்து, நெற்றியில் காசு ஒட்டி, கூடத்தில் படுத்தும் பார்த்தேன். எறும்பு கடித்ததில் உயிர்த்தெழுந்தேன்.

சேவல் பிழைத்தது என்று நினைக்கிறீர்கள். ஆடி மாதம் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். ஒற்றைச் சிறகோடு நொண்டுகிற சேவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் அப்பா. சித்தப்பா அரிவாள்மணையில் தலையைச் சீவினார். முண்டம் அவர் கையிலிருந்து உதறிக்கொண்டு காம்பவுண்டை ஓடி ஒரு சுற்றுச் சுற்றி, என் மேலேயே வந்து மோதி, கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுத்தான் விழுந்தது. தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். அக்கா தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதன் கண் மூடும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண் மூட நேரமாயிற்று. அன்று நான் இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றேன். அதற்கப்புறம் அவள் கறி தொட்டதில்லை.

போன மாதம் அக்காவின் கணவர், என் மாமா, போய்விட்டார். ஆஸ்பத்திரியில் மூளை நின்றுவிட்டது என்று வெள்ளிக்கிழமை மாலையே சொன்னார்கள். இயந்திரம் இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை கழற்றினார்கள். அப்பா இருந்திருந்தால் 'ரெண்டும்தான்' என்றிருப்பார், யாராவது பல்லை உடைத்திருப்பார்கள். பல்லாவரத்து அபார்ட்மெண்டில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் அக்கா மகன், எதிர்வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் கிசுகிசுத்தான். "மாமா, சனிக்கிழமையாமே. வேன்ல கோழி கட்ட முடியாது. ஒரு முட்டை போதும்ங்கறாங்க. வாங்கிட்டு வரவா?"

எனக்கு வேறென்ன வேண்டும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். இந்த முறை அவளால் எழுந்து போக முடியவில்லை. முழங்கால் வலி. தவிர, பெட்டியை விட்டுவிட்டு எங்கே போவாள்? நான் முழுக்கச் சொன்னேன். சொம்பு, மூங்கில், கேட், தார், மஞ்சள் முடிச்சு. சுற்றியிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவ்வளவு பெரிய அடியிலும் ஏன் உடையவில்லை என்று யோசித்துப் பாரக்கா, உள்ளே உயிர் இருந்தது, உயிரை யாராலும் உடைக்க முடியாது, மாமாவும் அப்படித்தான் என்று முடித்தேன்.

அக்கா பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது உனக்கு அவிச்சு வெச்ச முட்டைடா."